படகைக் கரை சேர்க்கும் செம்புத் துண்டு

கடலை நம்பி வாழும் குடும்பங்கள் படகு புறப்படும் முன் எதையும் மறப்பதில்லை. டீசல் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐஸ், வலை, குடிநீர், அரிசி எல்லாவற்றையும் சரிபார்ப்பார்கள். எஞ்சினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று கம்பியை விட்டு அளந்தும் பார்ப்பார்கள். ஆனால் பாட்டரியிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் தடித்த கேபிளின் நுனியில் கட்டைவிரல் அளவே உள்ள ஒரு செம்புத் துண்டு மாட்டப்பட்டிருக்கிறதே, அதைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே.

அந்தத் துண்டுக்கு 'லக்' என்று பெயர். ஒரு பக்கம் குழல். மறுபக்கம் துளையிட்ட தட்டையான நாக்கு. குழலுக்குள் கேபிளின் செம்பு இழைகளை நுழைத்து அழுத்த வேண்டும். நாக்கின் துளையைப் பாட்டரியின் மரையாணியில் மாட்டி நட்டை முடுக்க வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. எனினும் நடுக்கடலில் எஞ்சின் எழுமா, எழாதா என்பதைப் பல நேரங்களில் தீர்மானிப்பது இந்தச் சிறு துண்டே ஆகும்.

கீழக்கரை, தொண்டி, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், நாகூர் என நம் கடலோர ஊர்கள் மரக்கலம் செலுத்தி வாணிபம் செய்த மரபில் வந்தவை. பாய்மரக் காலத்தில் கயிற்றின் முடிச்சு தெரியாதவன் கடலோடி ஆக முடியாது. இன்று காற்றின் இடத்தை எஞ்சின் பிடித்துக்கொண்டது. 1952-இல் கையெழுத்தான இந்திய-நார்வே திட்டம் கேரளக் கரையில் விசைப்படகுகளுக்கு வழி திறந்தது. பின்னர் நம் கரைகளிலும் விசைப்படகுகள் பெருகின. அன்றைய கயிற்று முடிச்சு எத்தனை முக்கியமோ, இன்றைய படகில் கேபிளின் இணைப்பும் அத்தனை முக்கியம். ஆனால் முடிச்சைக் கற்றுக்கொடுத்த அளவுக்கு இதை யாரும் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில்லை.

எஞ்சின் எழாவிட்டால் என்ன ஆகும்?

சாலையில் வாகனம் நின்றுபோனால் இறங்கித் தள்ளலாம். கடலில் நின்றுபோன படகைக் காற்றும் நீரோட்டமும் தம் விருப்பப்படி இழுத்துச் செல்கின்றன. பாக் நீரிணையில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் வரையறுக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவுக்கும் வங்கக் கடலுக்கும் 1976-இல் ஒப்பந்தம் ஏற்பட்டது. தண்ணீரின் மேல் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரிவதில்லை. எஞ்சின் பழுதாகி மிதந்து சென்று எல்லை கடந்த படகுகளைப் பற்றிய செய்திகளை நாம் பலமுறை படித்திருக்கிறோம். அப்படி ஒரு செய்தி வரும்போது கரையில் ஒரு தாயும், மனைவியும், பிள்ளைகளும் எத்தனை இரவுகள் விழித்திருக்கிறார்கள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஒற்றைச் சிலிண்டர் கொண்ட சிறிய எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றி எழுப்பி விடலாம். ஆறு சிலிண்டர் கொண்ட டீசல் எஞ்சினை எந்தப் பயில்வானாலும் கையால் சுழற்ற முடியாது. அதைச் சுழற்றும் வேலை செல்ஃப் மோட்டாருடையது. செல்ஃப் மோட்டாருக்குப் பலம் கொடுப்பது பாட்டரி. இரண்டையும் இணைப்பது கேபிள். அந்தக் கேபிளின் இரு நுனிகளிலும் லக்.

ஏன் இத்தனை தடித்த கேபிள்?

நம் வீட்டில் ஓடும் 75 வாட் சீலிங் ஃபேன் 230 வோல்ட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர் மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்கிறது. படகின் எஞ்சினைச் சுழற்றும் 12 வோல்ட் செல்ஃப் மோட்டாரோ சில விநாடிகளுக்கு 400 ஆம்பியர் வரையிலும், பெரிய எஞ்சினானால் அதற்கு மேலும் இழுக்கும். ஏறத்தாழ 1200 மின்விசிறிகளின் கம்பிகளில் பிரிந்து ஓடும் மின்னோட்டம் முழுவதும் ஒரே கேபிளில் பாய்வதாக எண்ணிப் பாருங்கள். அதனால்தான் கேபிள் சுண்டுவிரல் பருமனில் இருக்கிறது.

50 சதுர மி.மீ. பரப்புள்ள, மென்மையாக வளையக்கூடிய செம்புக் கேபிளில் சுமார் 400 மெல்லிய இழைகள் உள்ளன. ஒவ்வோர் இழையும் 0.4 மி.மீ. தடிமன் உடையது. இத்தகைய கேபிள் ஒரு மீட்டருக்குக் காட்டும் மின்தடை, ஓர் ஓமைப் பத்தாயிரம் பங்காக்கினால் அவற்றுள் நான்கு பங்குக்கும் சற்றுக் குறைவானது. பாட்டரியிலிருந்து போக 2 மீட்டர், திரும்பி வர 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 400 ஆம்பியர் பாயும்போது கேபிளில் இழக்கப்படுவது ஏறத்தாழ 0.6 வோல்ட். இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி லக் பொருத்திய இடத்தைப் பார்ப்போம். சரியாக அழுத்தப்பட்ட இணைப்பின் தடை மிக அற்பம். கேபிளின் சில அங்குல நீளத்துக்குச் சமம் எனலாம். ஆனால் அரைகுறையாக அழுத்தப்பட்டு, உள்ளே களிம்பு ஏறிய இணைப்பின் தடை ஓமில் ஆயிரத்தில் ஐந்து பங்காக உயர்ந்துவிட்டது என்று கொள்வோம். எழுத்தில் பார்த்தால் இதுவும் அற்பமே. ஆனால் 400 ஆம்பியர் பாயும்போது அந்த ஓரிடத்தில் மட்டும் 2 வோல்ட் இழக்கப்படும். அந்த இழப்பு வெப்பமாக மாறும்; அதன் அளவு 800 வாட். அதாவது நம் வீட்டு இஸ்திரிப்பெட்டியின் முழுச் சூடும் கட்டைவிரல் அளவுள்ள ஒரு செம்புக் குழலுக்குள்!

எஞ்சினைச் சுழற்றும்போது 12 வோல்ட் பாட்டரியே பத்து வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். அதிலும் இரண்டு வோல்ட் வழியில் தொலைந்தால் செல்ஃப் மோட்டாருக்குக் கிடைப்பது எட்டு வோல்ட். 'டக்' என்று ஓர் ஓசை கேட்கும், எஞ்சின் அசையாது. பாட்டரி கெட்டுவிட்டது என்று எண்ணிப் புதிய பாட்டரி வாங்குவோர் பலர். புதிய பாட்டரி வந்த பின்னும் அதே 'டக்' ஓசைதான். பழுது பாட்டரியில் இல்லை. அதன் வாசலில் இருக்கிறது.

விளக்கு எரிந்தால் போதுமா?

இங்கே பலரும் ஏமாறும் ஓர் இடம் உண்டு. கேபிள் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சிறு பல்பை இணைத்துப் பார்ப்பார்கள். பல்பு பிரகாசமாக எரியும். "லைன் சரியாத்தான் இருக்கு" என்று முடிவு செய்வார்கள். 24 வாட் பல்புக்குத் தேவை வெறும் இரண்டு ஆம்பியர். நானூறு இழைகளில் பத்து இழைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தாலும் அந்தப் பல்பு எரியும். சாதாரண மல்டிமீட்டரில் ஓம் அளந்து பார்த்தாலும் அது ஏறத்தாழப் பூஜ்யத்தையே காட்டும். ஆயிரத்தில் ஐந்து பங்கைப் பகுத்தறியும் நுட்பம் அதற்கில்லை. ஓய்ந்திருக்கும்போது நல்லவனாகத் தோன்றி, சுமை ஏறும்போது கைவிடும் நண்பனைப் போன்றது கெட்ட இணைப்பு. அதைச் சோதிக்க வேண்டிய நேரமும் சுமை ஏறும் நேரமே.

கடலில் உள்ள பகைகள்

லாரியில் பல ஆண்டு உழைக்கும் இணைப்பு படகில் சில மாதங்களிலேயே கெட்டுப்போவது ஏன்? காரணங்கள் மூன்று.

முதலாவது உப்பு. ஒரு கிலோ கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு கரைந்துள்ளது. எஞ்சின் அறையின் காற்றிலேயே அந்த உப்பு கலந்திருக்கிறது. செம்பின் மேல் அது படிந்தால் பச்சைக் களிம்பு உண்டாகிறது. இழைகளின் இடைவெளி வழியே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல உப்பு ஈரம் உறைக்குள் ஏறிச் செல்கிறது. வெளியே உறை பளபளப்பாக இருக்கும். அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சாண் நீளத்துக்குச் செம்பு கறுத்துப் போயிருக்கும்.

இரண்டாவது அதிர்வு. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் கேபிள் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அலையில் படகு எழுந்து விழும்போதெல்லாம் கேபிளின் எடை லக்கைப் பிடித்து இழுக்கிறது.

மூன்றாவது, சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வருவது. மின்னோட்டம் பாயும்போது செம்பு விரிகிறது, நின்றதும் சுருங்குகிறது. தளர்வான இணைப்பு இதனால் மேலும் தளர்கிறது.

முதல் பகைக்கு நம் சமையற்கட்டிலேயே மருந்து இருக்கிறது. பிரியாணி சமைக்கும் செம்புத் தேக்சாவுக்கு ஏன் உட்புறம் ஈயம் பூசுகிறோம்? புளிப்பும் உப்பும் செம்பைத் தொட்டுக் களிம்பு ஏற்றிவிடக் கூடாது என்பதற்காக. படகுக்குரிய நல்ல லக்கும் அவ்வாறே வெள்ளீயம் பூசப்பட்டு வெண்ணிறமாக இருக்கும். உயர்ந்த வகைக் கேபிளில் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியே வெள்ளீயப் பூச்சு உண்டு.

ஈயமா, அழுத்தமா?

லக்கைக் கேபிளில் பொருத்த இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. குழலுக்குள் ஈயப் பற்றாசை உருக்கி ஊற்றிக் கேபிளைச் செருகுவது பழைய வழி. கருவியால் குழலை நசுக்கி இழைகளோடு ஒன்றாக்குவது மற்றொரு வழி. இதைத் தொழிலில் 'கிரிம்பிங்' என்பர்.

அழுத்த முறை பரவியதில் இரண்டாம் உலகப் போருக்குப் பெரும் பங்கு உண்டு. விமானங்களிலும் கப்பல்களிலும் எண்ணற்ற மின் இணைப்புகளை விரைவாகவும் ஒரே தரத்திலும் செய்ய வேண்டியிருந்தது. 1941-இல் அமெரிக்காவில் விட்டேக்கர் என்பவர் தொடங்கிய நிறுவனம், பற்றாசு இல்லாமல் அழுத்திப் பொருத்தும் நுனிகளைத் தயாரித்து அளித்தது. விமானத்தையும் கப்பலையும் பெயரிலேயே தாங்கியிருந்த அந்த நிறுவனம் பின்னாளில் 'ஆம்ப்' என்று உலகெங்கும் அறியப்பட்டது.

ஈயம் ஊற்றுவதில் என்ன குறை? குழலின் வாயைத் தாண்டியும் ஈயம் இழைகளுக்கிடையே ஊறிச் செல்கிறது. ஊறிய பகுதி கம்பியைப் போல் விறைத்துவிடும். அதற்கு அப்பால் கேபிள் மென்மையாகவே இருக்கும். அதிர்வு முழுவதும் விறைப்பும் மென்மையும் சந்திக்கும் அந்த எல்லையில் குவிந்து, இழைகள் ஒவ்வொன்றாக முறிகின்றன. மேலும், மின்வேலைக்குரிய பற்றாசு சுமார் 183 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்கும். செம்பு உருக 1085 பாகை வேண்டும். இணைப்பு மிதமிஞ்சிச் சூடேறினால் ஈயம் உருகிக் கேபிள் கழன்றுவிடக்கூடும்.

1954-இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் படகு, உல்லாசப் படகு கவுன்சில் தன் 'ஈ-11' மின்தர விதிகளில், ஓர் இணைப்பைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பைப் பற்றாசிடம் மட்டும் விடலாகாது என்று கூறுகிறது. பாட்டரி லக்குக்கு மட்டும், போதிய நீளத்துக்குப் பற்றாசு பிடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு விலக்கு அளிக்கிறது. ஆகவே ஈயம் ஊற்றுவது முற்றிலும் தவறு என்பதில்லை. தேர்ந்த கைக்கே அது உரியது. ஆடும் படகில், குறுகிய எஞ்சின் அறையில், சரியான கருவியோடு செய்யும் அழுத்த முறையே நம்பத்தக்கது.

அழுத்தும்போது உள்ளே நடப்பது என்ன? ஊதுபத்திக் கட்டை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் குச்சிகளுக்கிடையே சந்து இருக்கும். வட்டமான இழைகளை எத்தனை நெருக்கமாக அடுக்கினாலும் இடம் நூற்றுக்குச் சுமார் 91 பங்குக்கு மேல் நிரம்பாது என்பது கணிதம். ஆனால் சில டன் அழுத்தத்தில் செம்பு மெழுகைப் போல் இணங்குகிறது. வட்ட இழைகள் ஒன்றையொன்று நசுக்கிப் பலகோண வடிவம் பெற்று, சந்துகளை அடைத்துவிடுகின்றன. இழைகளின் மேலிருந்த மெல்லிய அழுக்குப் படலம் உடைந்து, சுத்தமான செம்பு சுத்தமான செம்பைத் தொடுகிறது. காற்றும் ஈரமும் நுழைய வழியில்லாமல் போகிறது. நெருப்பே இல்லாமல் நடக்கும் ஒரு வகைப் பற்றவைப்பு என்றே இதைச் சொல்லலாம்.

பொருள்களைத் தேர்ந்தெடுத்தல்

கேபிள் வாங்கும்போது அது முழுச் செம்புதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அலுமினிய இழைக்கு மேல் செம்பு முலாம் பூசிய மலிவான கேபிள்களும் விற்பனைக்கு உண்டு. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அது அலுமினியமாக இருக்கக்கூடும். வெள்ளீயம் பூசிய செம்பு இதற்கு நேர்மாறு. வெளியே வெண்மை, சுரண்டினால் உள்ளே செம்மை. அலுமினியம் செம்பின் மின்கடத்தும் திறனில் நூற்றுக்கு அறுபது பங்கே உடையது. உப்புக் காற்றில் அது விரைவில் கெடும்.

லக்கில் பின்முனை திறந்தது, மூடியது என இரு வகை உண்டு. நாக்கும் குழலும் சேரும் இடத்தில் துளை தெரிந்தால் அது திறந்த வகை. வீட்டு மின்பலகைக்கு அது போதும். படகுக்கு அந்தப் பக்கம் முற்றிலும் மூடியதே நல்லது. உப்பு ஈரம் புக அங்கே வழி இல்லை. குழலின் சுவர் தடிமனாக இருக்க வேண்டும். கையால் அமுக்கினால் நெளியும் லக் கடலுக்கு உதவாது.

லக்கின் மேல் இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். '50-10' என்றிருந்தால் 50 சதுர மி.மீ. கேபிளுக்கும் 10 மி.மீ. மரையாணிக்கும் உரியது என்று பொருள். கேபிள் 50 ஆக இருக்க 70-க்குரிய லக்கை வாங்கி, இடைவெளியில் துண்டு இழைகளைத் திணிப்பது சிலரது வழக்கம். லக் சிறிதாகிவிட்டது என்று பத்து, இருபது இழைகளை வெட்டி எறிவது வேறு சிலரது வழக்கம். இரண்டும் கூடாதவை.

கருவி அறுகோண அச்சுகள் உடைய கையடக்க ஹைட்ராலிக் கருவியாக இருந்தால் சிறப்பு. நீண்ட கைப்பிடிகள் உடைய அழுத்தும் கருவியும் நல்ல வேலை செய்யும். இதன் விலை சில ஆயிரம் ரூபாய் ஆகலாம். ஒருவர் தனியே வாங்க இயலாவிட்டால், நான்கு படகுக்காரர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கி முறை வைத்துப் பயன்படுத்தலாம். லக்கைக் கல்லின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுவதும், உளி முனையால் குழி போடுவதும் அழுத்தமாகா. குழல் சப்பையாகி, இரு ஓரங்களிலும் சந்து விட்டு, நடுவில் சில இழைகள் அறுந்து போவதே அதன் பலன்.

செய்முறை

1. பாட்டரி இணைப்பைக் கழற்றிய பின்பே வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் எதிர்முனை, பிறகு நேர்முனை. மீண்டும் மாட்டும்போது முதலில் நேர்முனை, கடைசியில் எதிர்முனை. எதிர்முனை எஞ்சின் உடலோடு சேர்ந்திருக்கும் படகுகளில் இந்த வரிசையை மாற்றினால், நேர்முனை நட்டைத் திருகும் ஸ்பேனர் எஞ்சினில் பட்டாலே தீப்பொறி பறக்கும். மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

2. கேபிளை அதற்குரிய வளைந்த வாயுடைய வெட்டும் கருவியால் நேராக வெட்டுக. ரம்பத்தால் அறுத்தால் இழைகள் பிரிந்து சிலும்பும். துகள்கள் உள்ளே தங்கும். பழைய கேபிளானால், கறுப்பு மறைந்து பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டித் தள்ளுக. அப்படிச் செம்பு தெரியவே இல்லையென்றால் அந்தக் கேபிளின் ஆயுள் முடிந்தது.

3. லக்கை மாட்டுவதற்கு முன்பே, சூட்டில் சுருங்கும் உறைக்குழாயைக் கேபிளில் நுழைத்து வைத்துக்கொள்க. கடைசியில் நினைவு வந்தால் நாக்கின் அகலம் அதை நுழைய விடாது போகலாம்.

4. குழலின் ஆழத்தை அளந்து, அதைவிட இரண்டு மி.மீ. கூடுதலாக மட்டும் உறையை உரிக்க வேண்டும். கத்தி இழைகளில் படலாகாது. கீறல் விழுந்த இழை அதிர்வில் முதலில் முறியும்.

5. இழைகளை அவற்றின் இயல்பான முறுக்கிலேயே நேராகக் குழலின் அடிவரை நுழைக்க வேண்டும். ஓர் இழையும் வெளியே மடங்கி நிற்கக் கூடாது.

6. கேபிளின் அளவுக்கும் லக்கின் வகைக்கும் உரிய அச்சைக் கருவியில் பூட்டி அழுத்துக. நாக்கின் பக்கம் முதல் அழுத்தம். கேபிள் நுழையும் வாயின் பக்கம் இரண்டாவது அழுத்தம். அப்போதுதான் நீளும் செம்பு வெளிப்புறமாகத் தடையின்றி நகரும். அச்சு முழுவதும் மூடும் வரை அழுத்த வேண்டும். இரு பக்கமும் செவிமடல் போல் செம்பு பிதுங்கினால் அச்சு சிறியது. அழுத்திய பின்பும் கேபிள் குழலுக்குள் சுழன்றால் அச்சு பெரியது. இரண்டு நிலையிலும் அந்த லக்கை வெட்டி எறிந்துவிட்டுப் புதியதைப் போட வேண்டும். அழுத்திய லக்கை மறுமுறை பயன்படுத்தலாகாது.

7. உறைக்குழாயை, பாதி குழலின் மீதும் பாதி கேபிளின் உறை மீதும் இருக்குமாறு இழுத்து, சூடான காற்றால் சுருக்குக. உட்புறம் பசை பூசிய வகையே கடலுக்கு ஏற்றது. சூட்டில் பசை உருகி இரு ஓரங்களிலும் மெல்லிய வளையமாகத் தெரியும். அந்த வளையம் முழுச் சுற்றாக இருந்தால் ஈரம் புகாது. இன்சுலேஷன் டேப் சுற்றுவது இதற்கு ஈடாகாது. சூட்டில் அதன் பசை இளகி, ஈரத்தை உள்ளே தேக்கிவைக்கும். தீச்சுவாலையைப் பாட்டரியின் அருகில் பயன்படுத்தவே கூடாது. சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. காற்றில் அது நூற்றுக்கு 4 பங்கு கலந்தாலே வெடிக்கும் தன்மை பெறும்.

மூன்று சோதனைகள்

வேலை கற்கும் இளைஞர்கள் முதலில் ஒரு மாதிரி லக்கை அழுத்தி, அதை ரம்பத்தால் குறுக்கே அறுத்து, அரத்தால் தேய்த்துப் பார்க்க வேண்டும். நல்ல அழுத்தமானால் இழைகள் தனித்தனியே தெரியாமல் ஒரே செம்புக் கட்டியாகத் தோன்றும். கரும்புள்ளிகள் தெரிந்தால் அவை சந்துகள். ஒரு லக் வீணாகிறதே என்று வருந்த வேண்டாம். அந்த ஒன்றே மற்ற எல்லா லக்குகளுக்கும் உத்தரவாதம்.

இரண்டாவது இழுப்புச் சோதனை. நாக்கைப் பிடிப்பான் சட்டத்தில் பிடித்து, கேபிளை முழுப் பலத்தோடு இழுத்துப் பார்க்க வேண்டும். தடித்த கேபிளின் நல்ல இணைப்பு ஓர் ஆளின் முழு எடையைத் தாங்கினாலும் இம்மியும் நகராது.

மூன்றாவதே உண்மையான சோதனை. எஞ்சின் எழாதபடி டீசலை நிறுத்தும் கைப்பிடியை இழுத்து வைத்துக்கொண்டு, ஒருவர் செல்ஃப் மோட்டாரைச் சுழற்ற வேண்டும். அந்தச் சில விநாடிகளில் மற்றொருவர் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறுமுனையை லக்கின் குழலிலும் வைத்து வோல்ட் அளவைப் பார்க்க வேண்டும். நல்ல இணைப்பில் மீட்டர் அசைவதே அரிது. 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இடத்தைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இவ்வாறே பாட்டரி, மெயின் சுவிட்ச், செல்ஃப் மோட்டார், எஞ்சினில் எர்த் சேரும் இடம் என ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தால், களவு போகும் வோல்ட் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுழற்றலாகாது. இடையிடையே மோட்டாருக்கு ஓய்வு வேண்டும்.

எவர்சில்வர் வாஷர் செய்யும் குற்றம்

அருமையாக அழுத்திய லக்கையும் மாட்டும்போது கெடுத்துவிட முடியும். துருப்பிடிக்காது என்பதால் எவர்சில்வர் வாஷரைக் கடல் தொழிலில் பெரிதும் விரும்புகிறார்கள். அது தவறன்று. ஆனால் அந்த வாஷரை மின்முனைக்கும் லக்குக்கும் இடையில் வைப்பதுதான் தவறு. எவர்சில்வரின் மின்தடை செம்பைப் போல் ஏறத்தாழ நாற்பது மடங்கு. மின்னோட்டம் அதன் வழியே புகுந்து செல்ல நேர்ந்தால் அந்த இடம் சூடேறும்.

லக்கின் நாக்கு நேரடியாக மின்முனையில் படிய வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட லக்குகள் இருந்தால், அதிக மின்னோட்டம் செல்வது அடியிலும் சிறியவை மேலேயும் அமைய வேண்டும். அவற்றுக்கும் மேலே வாஷர், ஸ்பிரிங் வாஷர், நட் என்ற வரிசையில் முடுக்க வேண்டும். ஒரே மரையாணியில் நான்குக்கு மேல் அடுக்கலாகாது என்பது மேற்சொன்ன அமெரிக்க விதிகளில் உள்ளது. தடித்த கேபிள்களைக் கையால் திருகும் சிறகு நட்டால் முடுக்குவதையும் அவ்விதிகள் அனுமதிப்பதில்லை. அதிர்வில் அது தானே தளர்ந்துவிடும்.

முடுக்கிய பின் கேபிளை ஓரிரு சாண் தூரத்துக்குள் பிடிப்பான் போட்டுப் படகின் உடலோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கேபிளின் எடையை லக் சுமக்கக் கூடாது. செல்ஃப் மோட்டாருக்கு நேரே செல்லும் கேபிளைத் தவிர, பாட்டரியிலிருந்து புறப்படும் மற்றக் கேபிள்களுக்குப் பாட்டரியின் அருகிலேயே ஃபியூஸ் இருப்பது அவசியம்.

தடைக்காலம் நல்ல காலம்

நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் ஆகும். படகுகளைப் பழுது பார்க்கும் காலமும் அதுவே. வர்ணம் பூசுகிறோம், பலகை மாற்றுகிறோம். அந்தச் செலவுப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை எல்லா லக்குகளையும் கழற்றி, தேய்த்துச் சுத்தம் செய்து, களிம்பு ஏறியவற்றை மாற்றி, மீண்டும் முடுக்கி, மேலே மெல்லிய கிரீஸ் தடவி வைத்தால் ஓராண்டு நிம்மதி.

கடலுக்குச் செல்வோர் இல்லாத வீடுகளுக்கும் இதில் பாடம் உண்டு. மின்வெட்டுக்காக நாம் வைத்திருக்கும் இன்வெர்ட்டரின் பாட்டரிக் கேபிளிலும் இதே லக்தான் இருக்கிறது. 800 வாட் சுமைக்கு 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 75 ஆம்பியருக்கு மேல் பாய்கிறது. அதுவும் சில விநாடிகள் அல்ல, மணிக்கணக்கில். லக் இருக்கும் இடத்தில் வெண்ணிறப் பொடியோ பச்சைக் களிம்போ தெரிந்தாலும், உறை உருகியது போல் காணப்பட்டாலும், கருகிய வாடை வந்தாலும் உடனே தேர்ந்த எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும். பெண்கள் உலோக வளையல்களோடு அதைத் தொட முயல வேண்டாம்.

லக்கின் குழலுக்குள் நடந்த வேலையை யாராலும் வெளியிலிருந்து பார்க்க முடியாது. சரியாக அழுத்தியதும் சுத்தியலால் தட்டியதும் உறைக்குழாய் மூடிய பின் ஒன்று போலவே தோன்றும். அழுத்தியவருக்கு மட்டுமே உண்மை தெரியும். பிறகு கடலுக்குத் தெரியும். ஆதலால் இந்த வேலையைச் செய்யும் இளைஞர் தம் முன்னே இருப்பது வெறும் செம்புத் துண்டு என்று எண்ணாமல், அதன் மறுமுனையில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது என்று எண்ணிச் செய்ய வேண்டும். படகின் உரிமையாளரும் நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவன்று என்பதை உணர வேண்டும்.

அடுத்த முறை நம் வீட்டு ஆண்கள் கடலுக்குப் புறப்படும்போது, "டீசல் போட்டாச்சா?" என்று கேட்பதோடு, "பாட்டரி லக்கைப் பார்த்தாச்சா?" என்றும் ஒரு வார்த்தை கேட்டு வைப்போம்.